துருசண்ணை தார்த்துவுக்குப் போன கதை

வன்னியில் துருசண்ணையிடம் ஏச்சு வாங்காத சீவன் எங்கள் குளத்து முதலை மட்டும்தான் என்பார்கள். அதுவும் ஒருமுறை வாங்கியதென்றும், வாங்கிய அன்றே குடும்பத்தோடு அக்கரைக்கு வீடு மாறியதென்றும் சொல்வோர் உண்டு.

குளத்து நீரை வாய்க்காலுக்கு விடுகிற கதவுக்கு எங்கள் பக்கத்தில் துருசு என்று பெயர். மாரியில் மிஞ்சுகிற நீரை வெளியே தள்ளுவது வான்கதவு. இரண்டின் திறப்புகளும், அதாவது சாவிகளும், ஒரே ஆளின் இடுப்பில் தொங்கின. அதனால் அவர் துருசண்ணை. நான் அதே நீர்ப்பாசனக் கந்தோரில் கடிதம் அடிக்கிற கிளாக்கர். இடம் கிளிநொச்சிப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். குளத்தின் பெயரைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். எனக்கு இருக்கிற கோபமே இந்தப் பக்கங்களுக்குப் போதும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நீர்மட்டம் எழுதுகிற கொப்பியோடு குளத்துக்குப் போனேன். அணைக்கட்டின் மேல் நின்ற துருசண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, எத்தினை அடி எண்டு எழுதினனீ?"

"இருபத்தொண்டு, அண்ணை."

"ஆர் சொன்னது?"

"போன கிழமைக் கொப்பியிலை கிடந்தது."

அன்றைக்கு நான் வாங்கியதை அப்படியே எழுதினால் இந்தப் பத்திரிகை ஆசிரியர் அச்சேற்ற மாட்டார். என் பள்ளிக்கூடம், என் கண், அந்தக் கண்ணுக்கு வேலை கொடுத்த அரசாங்கம் எல்லாம் அதில் அடங்கின.

ஒருமுறை பெரிய அரசியல்வாதி ஒருவர் சிறுபோகப் பயிருக்குத் தண்ணீர் திறந்துவைக்க வந்தார். ஐந்து ஜீப்புகள். கட்டின் தொடக்கத்தில் துருசண்ணை கையை விரித்துக்கொண்டு நின்றார். "வாகனம் கட்டிலை ஏறாது. மழை பெஞ்சு மண் இளகிக் கிடக்கு." யார் வந்திருக்கிறார் தெரியுமா என்று ஒருவர் கேட்டார். "தெரியும். நாலு வருசத்துக்கு ஒருக்கா வாறவர். கட்டு எந்தநாளும் இஞ்சை கிடக்கிறது." பளபளப்பான சப்பாத்தோடு அந்தப் பெரியவர் அரை மைல் சேற்றில் நடந்தார். நடந்து வந்தவரிடம், கதவு திறக்கிற சக்கரச் சில்லைத் தலைகீழாகச் சுற்றுகிறார் என்று இன்னொரு ஏச்சு.

கந்தோரில் இதெல்லாம் எங்களுக்குப் படம் பார்க்கிற மாதிரி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் அவரைப் போலவே கதைத்துக் காட்டுவேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எஞ்சினியர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னொருக்காச் செய்து காட்டும்" என்பார். எங்கள் எஞ்சினியர் எப்போதும் சிரித்த முகம். யாரிடமும் உரத்துப் பேசியதில்லை. கோபமே வராத மனிதர். அப்படிப்பட்டவர்களைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரு கோடையில் எஸ்தோனியா என்ற நாட்டிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். பெயர் மாரே. ஏரிகளின் சேற்றையும் நீர்ப்பாசியையும் படிப்பவர். கட்டின் உள்பக்கச் சரிவில், கல் பெயர்ந்த இடத்தில் அவர் கால் வைத்ததுதான் தாமதம், துருசண்ணை தொடங்கிவிட்டார்.

மாரே என்னிடம் திரும்பி, "என்ன சொல்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"உங்களை வரவேற்கிறார்."

"அது வரவேற்கிற முகம் இல்லையே. சொன்னதைச் சொல்லுங்கள்."

சொன்னேன். கல் பெயர்ந்த இடத்தில் மிதித்தால் கட்டு சரியும், கட்டு சரிந்தால் கீழே இருக்கிற சனம் போகும், படித்த ஆட்களுக்கு ஏன் கண் காலில் இல்லை என்று கேட்கிறார் என்றேன். மாரே சிரிக்கவில்லை. காலை எடுத்தார். மன்னிப்புக் கேட்டார். அதன்பிறகு மூன்று நாள் துருசண்ணையின் பின்னாலேயே நடந்து, எந்த மாதம் தண்ணீர் என்ன நிறம், எந்தப் பக்கம் சேறு கூடுகிறது, எந்தக் காற்றுக்கு அலை எங்கே அடிக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். துருசண்ணையிடம் இவ்வளவு காலமும் ஒருவரும் இவற்றைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்த வருடத்து மாரிதான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாளாக விடாத மழை. காலையில் குளம் நிரம்பி, நீர் கட்டின் கழுத்துக்கு வந்துவிட்டது. கட்டுக்குக் கீழே, மலையகத்துத் தோட்டங்களிலிருந்து கலவர காலத்தில் ஓடிவந்து காடு வெட்டிக் குடியேறிய நாற்பது குடும்பங்கள் இருந்தன. வான்கதவைத் திறக்க எஞ்சினியரின் உத்தரவு வேண்டும். எஞ்சினியர் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாண வீட்டில். தொலைபேசியை நிறுத்தி வைத்திருந்தார். துருசண்ணை பதினொரு தரம் அடித்துவிட்டு எனக்கு எடுத்தார். நான் வவுனியாவில் மைத்துனர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, கட்டு ஊறுது. திறக்கப்போறன்."

"பொறுங்கோ அண்ணை. உத்தரவு வரட்டும். இல்லாட்டில் உங்களுக்குத்தான் பிரச்சினை."

"உன்ரை உத்தரவு வர முன்னம் சனம் கடலுக்குப் போயிடும், மூதேவி!"

வைத்துவிட்டார். துருப்பிடித்த சில்லைத் தனி ஆளாகச் சுற்றி இரண்டு வான்கதவுகளையும் திறந்தார். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. கட்டு தப்பியது. நாற்பது குடும்பங்களும் தப்பின. வான்கதவு வாய்க்கால் பெருகி, அரசாங்க வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுக்கிற ஒரு கொந்தராத்துக்காரரின் நெல்வயல் மட்டும் மூழ்கியது. அந்தக் கொந்தராத்துக்காரர் எஞ்சினியரின் நண்பர். அன்றைக்கு நடந்த கல்யாணம் அவருடைய மகளுடையது.

தை மாதம் எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டுச் சிரித்த முகத்தோடு ஒரு கடிதம் சொல்லி எழுதுவித்தார். 'அதிகாரமுடைய உத்தியோகத்தரின் உத்தரவு எதுவுமின்றி வான்கதவுகளைத் திறந்து பயிரழிவை ஏற்படுத்தியமைக்காக உம்மீது ஏன் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு விளக்கம் தருக.' நான் எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன். ஒற்றுப் பிழைகூட இல்லை. அதை இன்று நினைத்தாலும் விரல்களை முறிக்கவேண்டும் போல இருக்கிறது.

கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். துருசண்ணை வாசித்தார். ஏசுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"நீயோ அடிச்சனீ?"

"ஓம் அண்ணை."

"வடிவா அடிச்சிருக்கிறாய்," என்றார்.

அதற்கு அவர் என்னை அறைந்திருக்கலாம்.

இந்த நிலையில்தான் மாரேயிடமிருந்து அழைப்பு வந்தது. எஸ்தோனியாவில் தார்த்து என்ற பழைய பல்கலைக்கழக ஊரில், புரட்டாதியில், ஏரி குளங்கள் பற்றிய ஒரு கூட்டம். அழைக்கப்பட்டவர்கள் மூவர்: குளத்துக் கதவு திறப்பவர், மொழிபெயர்க்க நான், கூடவே எஞ்சினியர். "லேபர் ஆளை ஏன் கூப்பிடுகினம்? அவருக்குப் பதிலா எங்கடை உதவி எஞ்சினியர் வரலாமே" என்று எஞ்சினியர் பணிவாக ஒரு மடல் போட்டார். மாரேயின் பதில் இரண்டே வரி. கதவு திறப்பவர் வந்தால் மூவரும் வரலாம். வராவிட்டால் ஒருவரும் வரவேண்டாம்.

விசாரணையில் இருக்கிற ஊழியர் நாட்டைவிட்டுப் போக முடியாது. ஆனால் எஞ்சினியருக்கு ஐரோப்பா பார்க்கிற ஆசை. ஆகவே விசாரணை 'நிர்வாகக் காரணங்களுக்காக' ஒத்திவைக்கப்பட்டது. அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்தேன். நாற்பது குடும்பங்களைக் காப்பாற்றியதற்குக் கிடைக்காத கருணை, ஒரு விமானச் சீட்டுக்குக் கிடைத்தது.

துருசண்ணையின் பயணப் பொதியில் அரிசிமா, மிளகாய்த்தூள், நெத்தலிக் கருவாடு, ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாய். கட்டுநாயக்காவில் தொடங்கி மூன்று விமான நிலையங்களிலும் அந்தக் கருவாட்டை ஒவ்வொரு அதிகாரியும் முகர்ந்து பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஏச்சு. தமிழில்தான். விளங்காததால் ஒருவரும் கோபிக்கவில்லை. "பார், எவ்வளவு மரியாதையான சனம்" என்று அவர் என்னிடம் சொன்னார்.

தார்த்து சின்ன ஊர். நடுவே கல் பதித்த ஒரு சதுக்கம். அதில் நீர்த்தாரைக்குள் குடை பிடித்தபடி முத்தமிட்டுக்கொண்டு நிற்கிற மாணவர் இருவரின் சிலை. எஞ்சினியர் அதன் முன்னால் நின்று ஏழு படம் எடுத்தார். துருசண்ணை முத்தத்தைப் பார்க்கவேயில்லை. தண்ணீர் எங்கேயிருந்து வந்து எங்கே போகிறது என்று சுற்றிச் சுற்றித் தேடினார். "ஒரு வயலுக்கும் போகேல்லை. சும்மா மேலை போய்க் கீழை வருது. எங்கடை அபிவிருத்திக் கூட்டம் மாதிரி."

சதுக்கத்தின் ஆற்றுப்பக்க மூலையில் ஒரு பழைய மாடிவீடு சரிந்து நிற்கிறது. அந்த ஊருக்கே அது ஒரு வேடிக்கை. ஏன் சரிந்தது தெரியுமா என்று மாரே கேட்டார். எஞ்சினியர் நெற்றியைச் சுருக்கி, "பலத்த காற்று?" என்றார். துருசண்ணை அத்திவாரத்தின் பக்கம் குனிந்து, சுவரைத் தட்டி, எழுந்து வந்தார்.

"காத்தோ! ஒரு கால் கல்லிலை நிக்குது, மற்றக் கால் மரத்திலை நிக்குது. நிலத்துத் தண்ணி இறங்க மரம் உக்கியிருக்கும். ஆர் இந்த விசர் வேலை பாத்தது?"

நான் மொழிபெயர்த்தேன். மாரே தானும் குனிந்து அத்திவாரத்தைப் பார்த்தார். அந்த வீட்டின் ஒரு பக்கம் பழைய நகரமதிலின் கல்லில் நிற்கிறது, மறுபக்கம் மரத்தூண்களில் நிற்கிறது என்பது உண்மையென்று பிறகு சொன்னார். எஞ்சினியர் சிரித்தார். "எங்கடை ஆட்களுக்கு இயற்கை அறிவு அதிகம்" என்று என் பக்கத்தில் நின்றுகொண்டு மாரேயிடம் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு முதன்முதலாகப் பல்லைக் கடிக்கத் தோன்றியது அங்கேதான்.

வெள்ளைத் தூண்கள் வைத்த பல்கலைக்கழகக் கட்டடத்தின் கூரைக்குக் கீழே ஒரு சின்ன அறை இருக்கிறது. முற்காலத்தில் குழப்படி செய்த மாணவர்களை அதில்தான் அடைத்து வைப்பார்களாம். சுவரெல்லாம் அவர்கள் கீறிய படங்களும் எழுத்துகளும். புத்தகம் திருப்பிக் கொடுக்காவிட்டால் இத்தனை நாள், ஒருவரை ஏசினால் அதைவிடக் கூட என்று கணக்கு இருந்ததாம்.

"ஏசினால் உள்ளையோ?" துருசண்ணை அங்கே கிடந்த கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். "அப்ப என்ரை விலாசத்தையும் கூப்பன் மட்டையையும் இஞ்சை மாத்தவேணும்." பிறகு எஞ்சினியரைப் பார்த்துக்கொண்டே மாரேயிடம் கேட்டார்: "உத்தரவில்லாமல் கதவு திறந்தால் எத்தினை நாள்?"

நான் மொழிபெயர்த்தேன். மாரேக்கு அது வெறும் பகிடி. எஞ்சினியருக்கும் பகிடிதான். எல்லோரையும்விடச் சத்தமாக அவர்தான் சிரித்தார்.

அந்த ஊரைக் கிழித்துக்கொண்டு ஓடுகிற ஆற்றின் பெயருக்கு 'அம்மா ஆறு' என்று பொருள். அது துருசண்ணைக்குப் பிடித்திருந்தது. பனி உருகுகிற காலத்தில் மேல்பகுதியில் இந்த ஆறு சிலவேளை பின்னோக்கி ஓடும் என்று மாரே சொன்னபோது மட்டும் நம்பவில்லை. பின்பு யோசித்துவிட்டு, "ஓடும், ஓடும். எங்கடை கந்தோரிலை பைலும் பின்னுக்குத்தானே ஓடுது" என்று ஒப்புக்கொண்டார்.

அன்றைக்குப் பின்னேரம் புகை போட்டுச் சூடாக்கிய மரக்கொட்டிலுக்குள் வேர்க்க வேர்க்க இருக்கிற அவர்களுடைய குளியலுக்குக் கூப்பிட்டார்கள். எஞ்சினியர் ஓடிப் போனார். துருசண்ணை வாசலோடு நின்றுவிட்டார். "வெக்கைக்கு ஒரு வீடு கட்டி வைச்சிருக்கினம். சித்திரை மாசம் கிளிநொச்சி பஸ் ஸ்ராண்டிலை அரை மணித்தியாலம் நிண்டு பாக்கச் சொல்லு."

அடுத்தநாள் பேருந்தில் கிழக்கே, பெய்ப்சி என்ற பெரிய ஏரிக்குக் கூட்டிப்போனார்கள். காடு, காடு முடிய சதுப்பு, சதுப்பு முடிய ஒரே தெருவாக நீண்டு கிடக்கிற மீனவக் கிராமங்கள். பிறகு ஏரி. அக்கரை தெரியாது, அந்தப் பக்கம் ரஷ்யா. துருசண்ணை கரையில் நின்று இடமும் வலமும் பார்த்தார்.

"கட்டு எங்கை?"

"கட்டு இல்லையாம் அண்ணை. இது தானா உண்டானது."

"வான்கதவு?"

"வடக்கை ஒரு ஆறு இருக்காம். அதாலை போகுமாம்."

"ஆர் திறக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை."

சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்தக் குளிர்ந்த நீரில் கணுக்கால் அளவுக்கு இறங்கி நின்றார். "அப்ப இஞ்சை ஒருத்தனுக்கும் கடிதம் வராது" என்றார்.

அந்தக் கிராமங்களில் இருப்பவர்கள், தங்கள் பழைய வழிபாட்டு முறையை விடமாட்டோமென்று முன்னொரு காலத்தில் ரஷ்யாவிலிருந்து ஓடிவந்த சனத்தின் வழிவந்தவர்கள். வெங்காயம்தான் அவர்களுடைய பயிர். ஒரு வீட்டின் வேலியோரம், தலையில் துணி கட்டிய ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் வெங்காயச் சரங்களைத் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தார். துருசண்ணை சரத்தைப் பார்க்கவில்லை. வேலிக்கு மேலால் தோட்டத்தைப் பார்த்தார். முழங்கால் உயரத்துக்கு மேடான பாத்திகள்.

"உவ்வளவு உயரத்துக்கு ஏன் மண்ணைக் குமிச்சு வைச்சிருக்கிறா? தண்ணி நிக்காதெல்லே!" என்று வேலியைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

அந்த அம்மா பாய்ந்து வந்தார். என்ன சொன்னாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் பாத்திக்குள் மிதிக்காதே என்பதைத் தெரிந்துகொள்ள ரஷ்ய மொழி தேவைப்படவில்லை. துருசண்ணை திருப்பிக் கொடுத்தார். அவா இடுப்பில் கை வைத்தார். இவர் மண்ணைக் கையில் அள்ளி உருட்டிக் காட்டினார். அவா அதைத் தட்டிவிட்டு, பாத்தியின் அடியைத் தோண்டி ஏரிச் சேற்றைக் காட்டினார். இவர் வானத்தைக் காட்டினார். அவா ஏரியைக் காட்டினார். மாரேக்கு ரஷ்யமொழி தெரியும். உதவட்டுமா என்று என்னைக் கேட்டார். வேண்டாமென்றேன். அரை மணித்தியாலம் இருவரும் முகம் சிவக்கக் கத்தினார்கள்.

"என்னவாம் அண்ணை?" என்று கேட்டேன்.

"இஞ்சை தண்ணி காணாமல் இல்லையாம். கூடிப்போய்த்தான் கரைச்சலாம். அதாலைதான் பாத்தியை உயத்தினதாம். சரிதான். கெட்டிக்காரி."

இது முழுவதும் சரியென்று மாரே சொன்னார். புறப்படும்போது அந்த அம்மா ஒரு வெங்காயச் சரத்தை எடுத்து, இன்னும் எதையோ ஏசிக்கொண்டே, அவர் கழுத்தில் போட்டார். அவருக்கு வாழ்நாளில் விழுந்த ஒரே மாலை அதுதான்.

மறுநாள் கூட்டம். பல்கலைக்கழக மண்டபத்தில் அறுபது எழுபது பேர். முதலில் எஞ்சினியர் பேசினார். திரையில் எங்கள் குளத்தின் படம். அடுத்த படம் எங்கள் வான்கதவு. அதற்கடுத்ததில் ஆங்கிலத்தில் மூன்று வரி. நான் வாசித்தேன். மறுபடி வாசித்தேன்.

துருசண்ணை என் விலாவில் இடித்தார். "என்னவாம்? ஏன் உன்ரை முகம் ஒரு மாதிரிப் போகுது?"

"அண்ணை... வெள்ளத்தன்று நிலைமையை அவர் உடனை கணிச்சாராம். உடனை திறக்கச் சொல்லி உத்தரவு குடுத்தவராம். அவரின்ரை உத்தரவாலைதான் நாப்பது குடும்பம் தப்பினதாம்."

யோசித்துப் பாருங்கள். ஊரில் உத்தரவில்லாமல் திறந்தது குற்றம். கடல் கடந்து வந்ததும் அதே கதவைத் திறந்த புண்ணியம் எஞ்சினியருக்கு! கல்யாண வீட்டில் பாயாசம் குடித்துக்கொண்டிருந்த வாய், அந்த மண்டபத்தில் நாற்பது குடும்பத்தின் உயிரைத் தன்னுடையதாக்கிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

பிறந்ததிலிருந்து நான் ஒருவரையும் எதிர்த்துப் பேசியவனல்ல. அன்றைக்குக் கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழும்பினேன். பொய் என்ற ஆங்கிலச் சொல் தொண்டைக்கு வந்துவிட்டது. அப்போது ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தது. சில்லுச் சுற்றித் தோல் உரிந்து, தழும்பு விழுந்த கை.

"இரு. கத்தாதை."

"அண்ணை, அவன் சொல்லுறது..."

"எனக்கு விளங்குது. நீ கைதட்டு."

அவரும் தட்டினார். பலமாகத் தட்டினார். எனக்கு விசர் பிடித்தது போல இருந்தது.

பிறகு அவருடைய முறை. சேறு, பாசி, காற்று பற்றிப் பத்து நிமிடம் பேசினார், நான் மொழிபெயர்த்தேன். முடிவில் மாரே கேட்டார்: "அந்த வெள்ளத்தன்று கதவைச் சுற்றியது நீங்கள்தானே?"

துருசண்ணை எஞ்சினியரைப் பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு, அப்படியொரு பணிவோடு சொன்னார்: "சேர் உத்தரவு தந்தவர். நான் திறந்தன். சேர், அப்பிடித்தானே?"

"ஓம், ஓம்" என்று எஞ்சினியர் தலையாட்டினார். பரவசத்தில் அவருடைய கண்கூடக் கலங்கியது. நான் அதை மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு சொல்லும் வாய்க்குள் கல்லாகக் கிடந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே துருசண்ணை என்னைப் பிடித்து இழுத்தார். பேச்சுகளையெல்லாம் ஒரு சிறு நூலாக அச்சிடப்போகிறார்கள் என்று மாரே சொல்லியிருந்தார். "அந்தப் புத்தகத்திலை அவன் சொன்னது சொன்னபடி வரவேணும். அவனைக் கொண்டு பாத்துக் கையெழுத்தும் வைப்பி. போ, கெதியாப் போ."

எஞ்சினியர் மகிழ்ச்சியோடு தன் பேச்சைச் சரிபார்த்து, கையெழுத்திட்டுக் கொடுத்தார். பிரதியெடுத்து ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அம்மா ஆற்றங்கரையில் போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்துகொண்டு, "ஏன் அண்ணை அவனுக்குப் பந்தம் பிடிச்சனீங்கள்?" என்று கத்தினேன்.

"மடையா! அவன் உத்தரவு தந்தவன் எண்டால், நான் உத்தரவில்லாமல் திறக்கேல்லை. விளங்குதோ? அவன்ரை வாயாலை அவன் எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தந்திட்டான்."

சொல்லிவிட்டு எழும்பினார். ஆற்றின் விளிம்பில் போய் நின்றார். அதன்பிறகு தொடங்கியதுதான் நான் அவரிடம் கேட்ட ஆகப்பெரிய ஏச்சு. எஞ்சினியர், கந்தோர், கொந்தராத்துக்காரர், கல்யாணம், பாயாசம், கடிதம், அதை அடித்த நான், பிழை பிடிக்க முடியாத என் தமிழ் எல்லாவற்றையும் அந்த ஆற்றைப் பார்த்துக் கால் மணித்தியாலம் ஏசினார். மண்டபத்தில் அடக்கியதெல்லாம் வந்தது. கழுத்து நரம்பு புடைத்து, குரல் கம்மி, கண்ணில் நீர் வழிந்தது. சைக்கிளில் போன மாணவிகள் இருவர் இறங்கி நின்று முழுவதையும் கேட்டார்கள். முடிந்ததும் மெல்லக் கைதட்டினார்கள். அவர் ஏதோ கவிதை சொன்னதாக நினைத்திருக்க வேண்டும்.

விசாரணை கார்த்திகையில் வவுனியாவில் நடந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பத்திரங்களை வாசிக்கிற, ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் விசாரணை அதிகாரி. குற்றச்சாட்டை வாசித்தார். 'உத்தரவு எதுவுமின்றி.' துருசண்ணைக்குச் சாட்சியாக வந்த நான் எழும்பி அந்தச் சிறு நூலையும் கையெழுத்திட்ட பிரதியையும் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். எஞ்சினியர் பக்கம் திரும்பினார்.

"இது உங்கடை கையெழுத்துத்தானே?"

"ஓம் சேர்."

"அப்ப உத்தரவு குடுத்தனீங்கள். அல்லது வெளிநாட்டிலை பொய் சொன்னனீங்கள். ரெண்டிலை எது?"

எங்கள் எஞ்சினியரின் முகத்தில் சிரிப்பு இல்லாததை அன்றைக்குத்தான் கண்டேன். தன் கையெழுத்தை மறுபடி குனிந்து பார்த்துவிட்டு, "வாய்மொழியா... உத்தரவு குடுத்த ஞாபகம்" என்றார்.

குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. இரண்டு கிழமையில் எனக்கு 'பொதுத் தேவை கருதி' முல்லைத்தீவுக் கரையோரத்துக்கு இடமாற்றம் வந்தது. அந்தக் கடிதத்தை யாரோ புதியவர் அடித்திருந்தார். நாலு எழுத்துப் பிழை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. விசாரணை முடிந்து வவுனியா பஸ் நிலையத்துக்கு வந்தோம். நான் சந்தோசத்தில் இரண்டு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்தேன். துருசண்ணை அதைத் தொடவில்லை.

"உனக்குச் சந்தோசம், என்ன?"

"வெண்டிட்டமே அண்ணை!"

"என்னத்தை வெண்டது? அந்தப் புத்தகத்திலை அவன் திறப்பிச்சது எண்டு கிடக்கு. இந்தத் தீர்ப்பிலையும் அவன் திறப்பிச்சது எண்டு கிடக்கு. பென்சன் போயிடக்கூடாது எண்டு நானும் வாயாலை ஓம் எண்டு போட்டன். எங்கையாவது, ஒரு துண்டுக் கடுதாசியிலையாவது, நான் திறந்தன் எண்டு இருக்கோ? சொல்லு!"

பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது. பொய்யால் தப்பிய மனிதனுக்கு உண்மையைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கந்தோரிலும் படிவம் இல்லை.

இப்போது துருசண்ணை ஓய்வுபெற்றுவிட்டார். உடையார்கட்டில் கச்சான் கடலை பயிர் போட்டிருக்கிறார். பெய்ப்சி அம்மாவைப் போல மேட்டுப் பாத்தியில் வெங்காயமும் வைத்துப் பார்த்து, தண்ணீர் நிற்காமல் எல்லாம் கருகி, அதற்கும் அந்த அம்மாவைத்தான் ஏசினாராம்.

நான் இப்போது செய்யக்கூடியது இது ஒன்றுதான். படிவம் இல்லாவிட்டால் பத்திரிகை இருக்கிறது. ஆகவே அச்சில் கிடக்கட்டும்: அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வான்கதவைத் திறந்தது துருசண்ணை. ஒருவரும் திறக்கச் சொல்லவில்லை. பொறுங்கோ என்று சொன்ன என் பேச்சையும் கேட்கவில்லை. அவராகத்தான் திறந்தார்.

சொந்தப் பெயரையும் போடட்டுமா என்று போன கிழமை தொலைபேசியில் கேட்டேன். "போட்டுப் பார். முல்லைத்தீவுக்கு வந்து உதைப்பன்" என்றார்.

அந்தப் பயத்தில் போடாமல் விட்டேன். போட்டிருக்கலாம். உதைக்கவென்றாலும் ஒருமுறை வந்திருப்பார்.